வாலில் ஒட்டிய வலை ஈயம்

எங்கள் விமானத்தின் இறக்கையை முழுசாக மாட்டிப் பார்த்த அன்று வீட்டில் யாரும் நடமாட முடியவில்லை. முன்னறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இறக்கை. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் குனிந்து அதன் அடியில்தான் நுழைய வேண்டும். குழம்புச் சட்டியோடு அப்படிக் குனிந்து வந்த என் மாமியார், நிமிர்ந்து நின்று, இதில் ஆள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டார். ஆள் உட்கார மாட்டார்கள் அத்தை, கீழே நின்று ரிமோட்டில் ஓட்டுவது என்றேன். ஆளே உட்காராததற்கா இத்தனை அமர்க்களம் என்று சட்டியை இறக்கி வைக்கப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று இருந்தது. அன்று ராத்திரி சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை.

நாங்கள் இருப்பது திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில். என் வீட்டுக்காரர் ஃபைபர் படகு கட்டுபவர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் போகாமல் கரையிலேயே ரெசின் பசையும் கண்ணாடி நாரும் குழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர். என் மாமனார் இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் தன் படகை எடுத்துக்கொண்டு போகிறார். நான் கடல்காரி இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் வேலை. வருகிற டிரெய்லர் வண்டிகளின் பெட்டி எண்ணைத் திரையில் தட்டுவது, வண்டியை உள்ளே அனுப்புவது, வெளியே அனுப்புவது. நாள் பூராவும் எங்கெங்கேயோ போகிற சாமான்கள் என் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். நான் அந்த நாற்காலியிலேயே இருப்பேன்.

கல்யாணமான புதிதில் மாமனாரிடம் என்னை ஒருநாள் படகில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று கேட்டேன். பொம்பளைகளை ஏற்றும் பழக்கம் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கோபம் இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் சீக்கிரம் வரும்.

விமானம் தொடங்கியது மீன் பெட்டியில்தான். ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற தெர்மோகோல் பெட்டி உடைந்தால் குப்பத்தில் காற்றோடு பறக்கும். அதை என் வீட்டுக்காரர் பிளேடால் அறுத்து இறக்கை மாதிரிச் செய்து கையால் வீசிக்கொண்டிருந்தார். நான் வீசிப் பார்த்தேன். அது பாறைக் கரையைத் தாண்டி நிதானமாகப் போய்த் தண்ணீரில் இறங்கியது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அதில் ஒரு சின்ன மோட்டார், பேட்டரி, ரிமோட் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மீன் வாடை அடிக்கிற விமானங்கள் நாங்கள் எத்தனையோ செய்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஓட்டியது நான். அவருக்குச் செய்யத்தான் ஆசை. ரிமோட்டைக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்புறம் பெரியதாக ஒன்று கட்டலாம் என்று அவர்தான் சொன்னார். நிஜ விமானத்தை நாலில் ஒரு பங்காகச் சுருக்கியது. இரண்டு பேர் போகிற பழங்காலத்துச் சின்ன விமானம் இருக்கிறதே, தலைக்கு மேல் இறக்கை, முன்னால் இரண்டு சக்கரம், வால் அடியில் குட்டியாக ஒரு சக்கரம், அந்த மாதிரி. உடம்புக்கு ஃபைபர் அச்சு அவரே எடுத்தார். இறக்கைக்குள் பஞ்சு மாதிரி லேசான பால்சா கட்டையில் விலா எலும்புகள். எஞ்சின், புல் வெட்டுகிற மெஷினிலிருந்து கழற்றியது. தண்டையார்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் அதற்கு ஏற்றபடி தாங்கி கடைந்து வாங்கினார். பட்டறைக்காரர், இது எந்தப் படகுக்கு என்று கேட்டாராம். வானத்தில் போகிற படகு என்று இவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இறக்கைக்கு மேல் ஒட்டுகிற மெல்லிய வண்ணத் தாள் என் பொறுப்பு. அதைப் பரப்பி இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்த்தால் ஒட்டும், இன்னும் கொஞ்சம் சூடு காட்டினால் சுருக்கம் எல்லாம் போய் விறைப்பாக இழுத்துக்கொள்ளும். சூடு கூடிவிட்டால் ஓட்டை. யூனிஃபார்ம் புடவை தேய்த்த அதே பெட்டிதான். முதல் இறக்கையில் மூன்று இடத்தில் ஓட்டை போட்டு, பெட்டியை வாசலில் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். இரண்டாவது இறக்கையை நான் இழுத்து முடித்ததும் விரலால் தட்டினேன். டும் என்றது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இது முதல்முறை மேலே போகும்போது ரிமோட் என் கையில் இருக்க வேண்டும். அதற்காக வேலைவிட்டு வந்து, சமைத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிற மென்பொருளில் உட்காருவேன். அதில் எத்தனை விமானத்தை உடைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை, எண்ணத்தான் முடியாது. நிஜத்தில் விழுந்தால் திரும்பத் தொடங்கு என்கிற பொத்தான் கிடையாது. இருந்தது ஒரே ஒரு விமானம். விழுந்தால் பொறுக்கிக்கொண்டு வர ஒரு சாக்குப் பை போதும்.

எங்கள் பக்கம் துறைமுகம், மின்நிலையம், எண்ணெய்க் கிடங்கு என்று இருப்பதால் மேலே எதையும் விடக் கூடாது. மீஞ்சூரைத் தாண்டி உள்ளே ஒரு பொட்டல் நிலத்தில் அனுமதி வாங்கிப் பறக்கவிடுகிற குழு ஒன்று உண்டு. அதற்குப் பெரியவர், மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோரும் அவரை அண்ணன் என்போம். சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அந்தக் குழுவில் ஒரு வழக்கம்: பெரிய விமானம் எதுவானாலும் முதல் தடவை அண்ணன்தான் ஓட்டுவார். தூக்கி, இரண்டு வட்டம் அடித்து, எப்படி இருக்கிறது என்று பார்த்து இறக்கி, அதற்கப்புறம்தான் சொந்தக்காரர் கையில் ரிமோட் வரும். யாரும் அதை இதுவரை மறுத்ததில்லை. நான் மறுப்பதென்று முடிவு செய்த பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஷெட்டில் விமானத்தை முழுசாகப் பூட்டி எடை பார்த்தார். எடை பார்ப்பதென்றால் தராசில் இல்லை. இறக்கைக்கு அடியில், முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்து நிறுத்துவது. மூக்கு லேசாகக் கீழே சாய்ந்து நின்றால் சரி. வால் சாய்ந்தால் ஆபத்து, மேலே போனதும் கட்டுக்குள் நிற்காது. எங்களுடையது மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, அழகாக நின்றது. பேட்டரியை அந்த இடத்திலேயே கட்டிவிட்டு, சரியாக இருக்கிறது என்று அவர் கையைத் தட்டிக்கொண்டார். மாமனார் வாசலில் வலை முடிச்சைப் பிரித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா இது, மூக்கு தொங்கிகினு கீது” என்றார்.

அது அப்படித்தான் நைனா இருக்கணும் என்று இவர் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானாவது சொல்லியிருப்பேன். நான் உள்ளே நாளைக்குக் கட்ட வேண்டிய புளிச்சோற்றுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஆனால் ஒளித்து வைத்துக் கதை சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமனாருக்கு அந்தத் தொங்குகிற மூக்கு மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படகு என்றால் மூக்கு தூக்கித்தான் நிற்க வேண்டும். எஞ்சின் பின்னால், ஆள் பின்னால், கனமெல்லாம் பின்னால். மூக்கு தாழ்ந்த படகு முதல் பெரிய அலையிலேயே தண்ணீரைக் குத்தும். அப்படிக் குத்தின படகுகளை அவர் பார்த்திருக்கிறார். மகனும் மருமகளும் இத்தனை மாதமாக இழைத்து இழைத்துச் செய்ததைத் தப்பாகச் செய்துவிட்டார்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தார். நாங்கள் இருவரும் இறக்கையைச் சுற்றிக் கட்டப் பழைய போர்வை வாங்கப் போன நேரத்தில், வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயக் குண்டுகளை எடுத்து, வால் பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளே வரிசையாக ரெசின் வைத்து ஒட்டி, காய்ந்ததும் மூடியை முடுக்கிவிட்டார். மகன் ஒட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ரெசின் கலக்க நன்றாகவே வரும்.

விடிந்ததும் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். உடம்பு ஒரு போர்வையில், இறக்கைகள் ஒன்றில். நான் பின்னால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமனார் நானும் வருவேன் என்று வேட்டியை மாற்றிக்கொண்டு ஏறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானாலும் டிரெய்லர்கள் எண்ணூர் வரை வரிசை கட்டி நின்றன. யார்டு வாசலைத் தாண்டும்போது என் வேலையிடத்து செக்யூரிட்டி, போர்வைக்குள் என்ன, பொணமா என்று கேட்டார். காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது. டிரைவர் முதுகுப்பக்கத் தகரத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, இன்னாக்கா, கொழந்தையா கீது உள்ள என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

மைதானத்தில் காற்று அசங்கவில்லை. கடல்காற்று எழும்புவதற்குள் பறந்து இறங்கிவிட வேண்டும். இறக்கைகளை மாட்டி, திருகுகளை முடுக்கி, கம்பிகளை இணைத்து, அந்தப் பொட்டல் தரையில் விமானம் நின்றபோது குழுவில் வந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் விமானங்களை விட்டுவிட்டு இதைச் சுற்றி வந்தார்கள். மாமனார் முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் ஏற்றப் போனதை அண்ணன் ஓடி வந்து தடுத்தார், பக்கத்தில் பெட்ரோல் டின். எலுமிச்சம்பழத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அண்ணன் ரிமோட்டுக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. முதல் பறப்பு நான்தான் என்றேன்.

அவர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். பெரிய விமானம், எஞ்சின் பழக்கம் தெரியாது, மூக்கில் காற்றாடி சுற்றும்போது மனுஷர்மேல் பட்டால் கை போய்விடும், ஆசைக்கு இது நேரம் இல்லை. எல்லாம் நியாயமான பேச்சுத்தான். நியாயமாகப் பேசப் பேச எனக்குக் குரல் ஏறியது. இதன் இறக்கையை இழுத்து ஒட்டியது நான், மீன் பெட்டி விமானத்திலிருந்து இதுவரை ஓட்டியது நான், இன்னொருவர் ஓட்டிப் பார்த்து மிச்சம் வைத்ததை ஓட்ட எனக்கு வேண்டியதில்லை என்றேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் மாமனார் வந்தார்.

“சார், எங்க சைடுல புது போட்டு மொத தபா கடல்ல எறங்கச் சொல்ல சுக்கான அடுத்தவன் கைல குடுக்க மாட்டோம். முழுகினாலும் நாமளே முழுகணும்” என்றார்.

என்னைப் படகில் ஏற்ற மாட்டேன் என்ற மனிதர். நான் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தேன்.

அண்ணன் நீட்டிய கையை இறக்கினார். சரி, ஆனால் நான் உன் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பேன், கொடு என்று சொன்னால் அந்த நொடியே ரிமோட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். சத்தியமாகத் தருகிறேன் என்றேன். இந்தத் தகராறில், எந்த விமானத்தையும் தூக்கிப் பார்க்காமல் விடாத அண்ணன், எங்களுடையதைத் தூக்கிப் பார்க்கவில்லை. எடை பார்த்தாச்சா என்று மட்டும் கேட்டார். நேற்று சாயங்காலமே பார்த்தாச்சுண்ணே என்றார் என் வீட்டுக்காரர். அது உண்மைதான்.

காற்றாடியைச் சுண்டிவிட்ட இரண்டாம் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகையும் பெட்ரோல் வாடையும் கிளம்பியது. என் வீட்டுக்காரர் பின்னால் மண்டியிட்டு வாலைப் பிடித்திருந்தார். நான் ரிமோட்டின் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அசைத்துப் பார்த்தேன். இறக்கைப் பலகைகள் அசைந்தன, வால் அசைந்தது. விடுங்க என்று தலையசைத்தேன். விட்டார்.

ஓட ஆரம்பித்ததும் வால் தரையிலிருந்து தூக்க வேண்டும், அதற்கப்புறம் நான் மெல்ல இழுத்தால் எழும்ப வேண்டும். கம்ப்யூட்டரில் அப்படித்தான். இது வாலைத் தூக்கவே இல்லை. நான் இழுக்கவும் இல்லை. திடீரென்று தானாகவே துள்ளி மேலே ஏறியது, மூக்கு வானத்தைப் பார்த்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அது நான் ஏற்றியது இல்லை என்று எனக்குத்தான் தெரியும். ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினேன். சடாரென்று கீழே கவிழ்ந்தது. விட்டேன், மறுபடி எகிறியது. விரலை நகத்தளவு அசைத்தால் அது ஆள் உயரத்துக்குத் துள்ளியது.

பின்னால் அண்ணன், மூக்கைத் தாழ்த்துகிற பொத்தானை முழுசாகத் தள்ளு, எஞ்சின் வேகத்தைக் குறைக்காதே என்று சொன்னார். செய்தேன். கொஞ்சம் அடங்கி மறுபடி தலையைத் தூக்கியது. மைதானத்தின் ஓரத்து வேலிகாத்தானுக்கு மேலே இறக்கை சாய்ந்து திரும்பியபோது நான் ஒட்டிய சிவப்பும் மஞ்சளும் வெயிலில் பளீரென்று தெரிந்தது. அந்த பயத்திலும், ஐயோ என்ன அழகு என்று நினைத்தேன். பைத்தியக்காரிதான். அது சாகப் போகிறதா பிழைக்கப் போகிறதா என்று தெரியாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

“குடும்மா” என்றார் அண்ணன்.

சத்தியம் செய்திருந்தேன். கழுத்துப் பட்டையைக் கழற்றத் தலையைக் குனிந்தேன். அந்தக் குனிவுக்குள் அது இன்னொரு தடவை எகிறியது. விமானத்தைவிட்டு என் கண் நகரவில்லை, கட்டைவிரல் அதைத் தட்டி இறக்கியது. நான் நினைத்துச் செய்யவில்லை. விரல் தானே செய்தது. நீட்டின அண்ணன் கை என் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. அது என்மேல் படவில்லை. அவர் விமானத்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், கையை மடக்கிக்கொண்டார்.

“வேணாம். நான் வாங்குற நேரத்துல வுழுந்துரும். அது உன் கைக்குப் பழகிடுச்சு. நீயே எறக்கு” என்றார்.

அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தோஷப்பட நேரமில்லை. பெரிய வட்டமாகத் திருப்பினேன். துள்ள வரும், அது துள்ளுவதற்கு முன்பே தட்டுவேன். துள்ள வரும், தட்டுவேன். அண்ணன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், வேகமாகவே இறங்கு, மெதுவாக்க நினைக்காதே என்று. மைதானத்தை நேராக்கி, எஞ்சினைக் கொஞ்சமே குறைத்து, தரைக்குக் கொண்டுவந்தேன். சக்கரம் பட்டது, எகிறியது, மறுபடி பட்டது. ஒரு சக்கரத்தின் கால் வளைந்து, மூக்கு சாய்ந்து, மரக் காற்றாடி மண்ணைக் கீறி முறிந்தது. புழுதி. அப்புறம் சத்தமே இல்லை.

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. இறக்கை முழுசாக இருந்தது. உடம்பு முழுசாக இருந்தது. வளைந்த காலும் முறிந்த காற்றாடியும் தவிர ஒரு கீறல் இல்லை. தரையில் உட்கார்ந்து இறக்கையைத் தட்டினேன், டும் என்றது. என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை, ஓவென்று கத்தினேன். என் வீட்டுக்காரர் என் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதார்.

அண்ணன் விமானத்தை ஓரத்துக்கு நகர்த்த வாலைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்றார். இரண்டு தாங்கு கொண்டுவரச் சொல்லி இறக்கைக்குக் கீழே வைத்தார். வால் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஈயக் குண்டுகள் வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், ரெசினில் பளபளத்தன. முதல் குண்டில் ஒரு குங்குமப் பொட்டு.

யார் வைத்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. குப்பத்துக்காரர்களைத் தவிர வேறு யாரிடம் வலை ஈயம் இருக்கும்? மாமனார் நான்தான் வைத்தேன் என்று தானாகவே சொன்னார். மூக்கு தொங்கினால் முழுகிவிடும் என்று பயந்ததையும், சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்ததையும் சொன்னார். மகன் அவர்மேல் பாய்ந்தார், எதைத் தொடுறோம்னு கேக்கத் தெரியாதா நைனா என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் அதைவிட நாலு மடங்கு கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன், இவ்வளவு கனத்தை வாலில் வைத்துக்கொண்டு எதுவும் பறந்து முழுசாகத் தரைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகு எங்கே கத்துவது? உள்ளுக்குள் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

ஈயத்தை உளியால் பெயர்த்து எடுத்தார்கள். வளைந்த காலை நிமிர்த்தினார்கள். மாற்றுக் காற்றாடி கொண்டுவந்திருந்தோம். மறுபடி தாங்கில் வைத்தபோது மூக்கு பழையபடி தாழ்ந்தது. மாமனார் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடல்காற்று இன்னும் வரவில்லை. அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டு, இப்ப எடு என்றார். ரிமோட்டுக்குக் கை நீட்டவில்லை.

நான் மாமனாரைக் கூப்பிட்டு வாலைப் பிடிக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முறைத்தார். நான் கண்டுகொள்ளவில்லை. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு, இரண்டு கையாலும் பிடித்தார். எஞ்சின் இரைந்தது, விமானம் முன்னால் இழுத்தது. விடுங்க மாமா என்றேன். விடவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தார்.

ஓடியது. வால் தூக்கியது. நான் லேசாக இழுத்தேன், கேட்டதும் கொடுப்பதுபோல எழும்பியது. அவ்வளவு சுலபம். இந்தப் பக்கம் சாய்த்தால் சாய்ந்தது, விட்டால் தானே நேரானது. உப்பளப் பக்கம் போய்த் திரும்பி எங்கள் தலைக்கு மேலே அது போனபோது நான் யாரிடமென்று தெரியாமல், பாருங்க, பாருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தூக்கிக்கொண்டு போய் வட்டம் அடித்தேன், எட்டு போட்டேன், தரையை உரசுகிறமாதிரி வந்து மறுபடி ஏற்றினேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட. இதை என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

எரிபொருள் தீர்வதற்குள் இறக்கினேன். மெத்தென்று உட்கார்ந்து, ஓடி, என் எதிரில் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினால், மாமனார் கையை எடுத்த அதே இடத்தில் இன்னும் மண்டியிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் எழுந்திருக்கவில்லையாம். நான் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.  புயலில் படகு எடுத்தவர், கரை தெரியாமல் ஒரு பகல் பூராவும் நடுக்கடலில் கிடந்தவர். எழுந்த பிறகும் என் கையை விடவில்லை.

“ஏம்மா, போனது திரும்பி வர்ற வரிக்கும் கரைல நின்னு பாத்துகினு இருக்கறது இம்மாம் பேஜாரா?” என்றார். இன்னொரு கையால் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். “உங்க அத்த ஒரு நாளும் சொன்னதில்லியே.”

வீட்டுக்குப் போனதும் நீங்களே அவங்களைக் கேளுங்க மாமா என்றேன்.